அப்பாவின் பியட்டை விற்பதற்கு முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் எங்கள் அப்பா 1969ஆம் ஆண்டு வாங்கிய பியட் 1100 டிலைட் கார், அவர் மறைந்து ஒன்றரை ஆண்டு கழித்து, 2024இல் கோயம்புத்தூர்க்காரர் ஒருவருக்குக் கைமாறியது. விற்று முடிக்க எங்களுக்கு ஏழு மாதம் பிடித்தது. வாங்குபவரைத் தேட இரண்டு மாதம்தான் ஆயிற்று. மீதி ஐந்து மாதமும் காகிதங்களுக்கே போனது. அதன்பின், வீட்டில் பழைய பியட்டோ அம்பாசிடரோ ஸ்டாண்டர்டு ஹெரால்டோ வைத்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் ஒருவர்பின் ஒருவராகக் கேட்ட கேள்விகளுக்கு நான் சொன்ன பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டம் பற்றிய செய்திகள் இந்தியாவுக்கும், நடைமுறை பற்றியவை பெரும்பாலும் தமிழ்நாட்டுக்கும் பொருந்தும்.

எங்கள் காரை "வின்டேஜ்" என்று சொல்லி விற்கலாமா?

பேச்சு வழக்கில் பழைய கார் எதையும் அப்படிச் சொல்கிறோம். சட்டத்தில் அச்சொல்லுக்கு வரையறை உண்டு. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட பிரிவின்படி, முதல் பதிவு நடந்து 50 ஆண்டுகளைக் கடந்து, சேசிஸ் (அடிச்சட்டம்), பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாமல் பழைய வடிவிலேயே பேணப்படும் இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களே வின்டேஜ் ஆகும். அப்படிப் பதிவு செய்ய 20,000 ரூபாய் கட்டணம். அது 10 ஆண்டுக்குச் செல்லும். பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை 5,000 ரூபாய் கட்டிப் புதுப்பிக்கலாம். ஏற்கெனவே பதிவான கார் தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்பது இந்த ஏற்பாட்டின் பெரிய நன்மை. ஆனால் அன்றாடப் போக்குவரத்துக்கு அந்தக் காரை எடுக்க முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் நிரப்புதல், பழுது பார்த்தல் போன்ற காரியங்களுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம்.

ஆகவே 1969ஆம் ஆண்டு பியட்டுக்கு அந்தத் தகுதி உண்டு; 1984ஆம் ஆண்டு பத்மினிக்கு இன்னும் இல்லை. தகுதி இருந்தும் நாங்கள் அவ்வாறு பதிவு செய்யவில்லை, ஏனென்றால் வாங்கியவர் ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்துடன் மருதமலைக்குப் போய்வர அந்தக் காரை எடுக்க விரும்பினார். சாதாரணப் பதிவில் விற்று, வின்டேஜ் பதிவு வேண்டுமா என்ற முடிவை வாங்குபவரிடமே விட்டுவிடுவது நல்லது.

பியட், பிரசிடென்ட், பத்மினி மூன்றும் வெவ்வேறு கார்களா? விளம்பரத்தில் எப்படி எழுதுவது?

மூன்றும் பம்பாய் குர்லாவில் இருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஆலையில் பிறந்த ஒரே குடும்பம். 1964 முதல் பியட் 1100 டிலைட் என்றும், 1970களின் தொடக்கத்தில் பிரீமியர் பிரசிடென்ட் என்றும், 1974 முதல் பிரீமியர் பத்மினி என்றும் விற்கப்பட்டது. எஞ்சின் அதே 1089 சி.சி. நம் ஊர்களில் மூன்றுக்கும் "பியட்" என்பதே பெயர் என்றாலும், விளம்பரத்தில் ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றுப் புத்தகத்தில் உள்ள பெயரையும் தயாரிப்பு ஆண்டையும் அப்படியே எழுதுங்கள். பழைய கார் வாங்குபவர்களுக்கு முன்பக்கக் கிரில்லைப் பார்த்தே ஆண்டு தெரிந்துவிடும். பொருந்தாத பெயரைப் பார்த்தவுடன் மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்படுவார்கள்.

20 ஆண்டு கடந்த காரை உடைத்தே ஆக வேண்டும் என்கிறார்களே?

இல்லை. அரசுக்குச் சொந்தமான 15 ஆண்டு கடந்த வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் ரத்தாகிறது என்ற செய்தியைப் பலரும் எல்லா வாகனங்களுக்கும் பொதுவாக்கிவிட்டார்கள். தனியார் கார் தகுதிச் சோதனையில் தேறி, பதிவும் புதுப்பிக்கப்பட்டிருந்தால் தமிழ்நாட்டில் வயதை மட்டும் காரணம் காட்டி அதை யாரும் பறிக்க முடியாது. இந்தப் பயத்தைக் காட்டி "இரும்பு விலைக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று கேட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டு வாசலுக்கும் இருவர் வந்தார்கள்.

ஆர்.சி. இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே இந்த வேலையைத் தொடங்குங்கள். உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் படிவம் 31இல் விண்ணப்பித்து வாரிசு ஒருவர் பெயருக்கு மாற்ற வேண்டும் என்பது விதி. துக்க வீட்டில் இது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை, எங்களுக்கும் வரவில்லை. கெடு தாண்டியிருந்தாலும் அபராதம் கட்டி மாற்றிக்கொள்ளலாம்.

இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகள் தங்களுக்கு மறுப்பில்லை என்று கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம், நடப்புக் காப்பீடு, புகைச் சான்று ஆகியவை தேவைப்படும். அண்ணன் வெளிநாட்டில் இருந்ததால் அவருடைய கையெழுத்துக்கு மட்டும் எங்களுக்கு ஆறு வாரம் ஆயிற்று. நான்கைந்து வாரிசுகள் இருந்தால் அவர்கள் எல்லாரும் ஒன்றாக ஊரில் இருக்கும் திவசம், பொங்கல் போன்ற நாட்களில் கையெழுத்துகளை வாங்கிவிடுங்கள்.

பழைய காருக்கென்றே இன்னொரு சிக்கல் உண்டு. அந்தக் காலத்து ஆர்.சி. ஒரு சிறு புத்தகம். அதிலுள்ள விவரங்கள் கணினிக்கு ஏற்றப்படாமலே இருக்கலாம். அப்படியானால் முதலில் அலுவலகப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, பழைய விவரங்களைக் கணினியில் ஏற்ற வேண்டும். அது நடக்காமல் வேறு எதுவும் நடக்காது. எங்கள் புத்தகத்தில் எஞ்சின் எண்ணின் கடைசி இலக்கத்தின்மேல் 1970களில் யாரோ மைக்கறை படியவிட்டிருந்தார்கள். அது 3ஆ 8ஆ என்ற கேள்வியிலேயே இரண்டு வாரம் போயிற்று. கடைசியில் மெக்கானிக் மண்ணெண்ணெயால் ஐம்பது ஆண்டுக் கிரீஸைத் துடைத்தார். வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தபோது 3 தெளிவாக எழும்பி வந்தது. அந்தத் தாளை ஆய்வாளரிடம் காட்டிய பிறகே கோப்பு நகர்ந்தது. உங்கள் காரின் எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் இன்றைக்கே அப்படிப் பென்சிலால் அச்செடுத்துப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பதிவு காலாவதியாகிவிட்டது. அப்படியே விற்கலாமா?

விற்க முடியாது என்றில்லை. ஆனால் காலாவதியான காரைச் சாலையில் ஓட்டிக் காட்ட முடியாது, அதனால் விலையும் பாதியாக இறங்கும். முதல் 15 ஆண்டுக்குப் பிறகு ஒவ்வொரு 5 ஆண்டுக்கும் படிவம் 25இல் விண்ணப்பித்து, காரை நேரில் காட்டி, பழைய வாகனங்களுக்கான பசுமை வரியும் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் காருக்கு 5,000 ரூபாய் ஆனது; 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ஆக உயர்ந்தது. தாமதமான காலத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு. இவ்வளவையும் நீங்களே கட்டிவிட்டு விற்பதுதான் லாபம் என்பது என் கருத்து; மூன்று நான்கு ஆண்டு பதிவு மீதமிருக்கும் காரை வாங்க வருபவரின் முகமே வேறாக இருக்கும்.

விற்பதற்கு முன் டிங்கரிங் செய்து, பெயின்ட் அடித்துவிடலாமா?

வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

எங்கள் காருக்கு முழு டிங்கரிங்கும் பெயின்ட்டும் சேர்த்து ஒரு பட்டறையில் 1,80,000 ரூபாய் கேட்டார்கள். தம்பி சம்மதித்துவிட்டான். பாலக்கரையில் அப்பாவின் காரை முப்பது ஆண்டு பார்த்த மெக்கானிக்தான் தடுத்தார். அவர் ஒரு சிறிய காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்து வந்து, கதவின் மேல்பகுதியில் வைத்தார், சட்டென்று ஒட்டிக்கொண்டது. அப்படியே கீழே இழுத்துக்கொண்டு வந்தார். கதவின் அடிவிளிம்புக்கு நான்கு விரற்கடை மேலே வந்ததும் காந்தம் நழுவித் தரையில் விழுந்தது. அந்த இடத்தில் தகடு இல்லை, எப்போதோ துரு தின்ற தகட்டின் மேல் பூசிய பட்டி என்னும் நிரப்புப் பசை மட்டுமே இருந்தது. "நீங்க புதுசா பெயின்ட் அடிச்சா, வாங்க வர்றவர் இந்தக் காந்தத்தோடதான் வருவார் தம்பி. உள்ளே எவ்வளவு பட்டி இருக்கோன்னு எல்லா இடத்தையும் சந்தேகப்படுவார். பழைய பெயின்ட் பொய் சொல்லாது," என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. புதுப் பெயின்ட் குறையை மறைப்பதற்கென்றே அடித்ததாகத் தோன்றும். பழைய காரை வாங்குபவர் பெரும்பாலும் தனக்குப் பிடித்த பட்டறையில், தனக்குப் பிடித்த நிறத்தில் செய்யவே விரும்புவார். கார் ஓடுவதற்கும் நிற்பதற்கும் தேவையானதை மட்டும் செய்யுங்கள்: பிரேக், டயர், பேட்டரி, விளக்குகள், ஒழுகாத பெட்ரோல் குழாய். பிறகு நன்றாகக் கழுவுங்கள். நாங்கள் செலவழித்தது மொத்தம் 22,000 ரூபாய்.

குறைகளை எந்த அளவுக்குச் சொல்ல வேண்டும்?

உங்களுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் எழுத்தில் சொல்லுங்கள். துருவை முதலில் சொல்லுங்கள்: காலடித் தகடு, கதவுகளின் அடிவிளிம்பு, பேட்டரி இருக்கும் தட்டு, டிக்கியில் ஸ்டெப்னி படுக்கும் குழி. இவை நான்கையும் வெளிச்சத்தில் படமெடுத்து, கேட்பதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள். அடுத்தது, முன்சக்கரம் திரும்புவதற்கான அச்சாணியான கிங் பின் தேய்ந்து ஸ்டியரிங் ஆடுகிறதா, எஞ்சின் சூடேறிய பிறகு ஆயில் பிரஷர் இறங்குகிறதா, இரண்டாம் கியர் நழுவுகிறதா என்பவை.

இதில் எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. அப்பா அவ்வளவு அருமையாக வைத்திருந்த காரைப் பற்றி இப்படிக் குறைப்பட்டியல் எழுதுவது அவரைக் குறை சொல்வது போலத் தோன்றியது. ஆனால் அவருடைய டைரிகளைத் திறந்தபோது, அவரே அதைத்தான் செய்திருந்தார். ஒவ்வொரு தடவை பெட்ரோல் போட்டதும், எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டர், என்ன சத்தம் கேட்டது என்று நீல மையில் குறித்து வைத்திருந்தார். "இடது பின் சக்கரம், ஈரத்தில் கீச்சொலி" என்று 1987இல் ஒரு வரி. வாங்கியவர் காரைச் சுற்றிப் பார்த்த நேரத்தைவிட அந்த டைரிகளைப் படித்த நேரமே அதிகம். பழைய பில்கள், சர்வீஸ் ரசீதுகள், முதல் விற்பனை ரசீது, காரோடு எடுத்த குடும்பப் படங்கள் எவையும் வீட்டில் கிடந்தால் எடுத்து வையுங்கள்; இவை காரின் வரலாற்றுக்குச் சான்று, இவற்றுக்கு விலையும் உண்டு.

விலையை எப்படி வைப்பது?

இத்தகைய கார்களுக்கு அட்டவணை விலை கிடையாது. ஓடும் நிலை, துரு, அசல் பாகங்கள், சுத்தமான காகிதம் ஆகியவைதான் விலையைத் தீர்மானிக்கின்றன. வெளியே கேட்கும் விலைகளைப் பார்த்து மயங்க வேண்டாம். அவை கேட்ட விலைகள், விற்ற விலைகள் அல்ல. அசல் கிரில், ஹப் கேப், மீட்டர்கள், கண்ணாடிகள் இருப்பது பெரிய விஷயம், ஏனென்றால் எஞ்சின் சாமான்கள் சென்னை புதுப்பேட்டையில் தேடினால் கிடைத்துவிடும், உடையாத பளபளப்புச் சாமான்கள்தான் கிடைப்பதில்லை.

நாங்கள் 3,00,000 ரூபாய் சொன்னோம், 2,60,000க்கு முடிந்தது. கிங் பின் வேலைக்கும் இரண்டு பக்கத் தகடு வேலைக்குமாக அவர் 40,000 ரூபாய் கணக்குக் காட்டினார். அந்தக் கணக்கு நியாயமாக இருந்ததால் அதற்குமேல் பேரம் பேசவில்லை.

பழைய எண் பலகைக்குத் தனி மதிப்பு உண்டா?

உண்டு. எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கும் எண்கள் சென்னை மாகாணக் காலத்தவை; கார் முதலிலிருந்தே இந்த மண்ணில் இருந்தது என்பதை ஒரே பார்வையில் சொல்பவை. தியாகராய நகர் நினைவு இல்லத்தில் நிற்கும் எம்.ஜி.ஆரின் அம்பாசிடரைப் பார்க்கப் போகிறவர்கள் அதன் 4777 என்ற எண்ணையும் சேர்த்தே படமெடுக்கிறார்கள். தமிழ்நாட்டுக்குள் விற்றால் எண் காரோடு தொடரும். வேறு மாநிலத்துக்குப் போய் 12 மாதத்துக்கு மேல் தங்கினால் அங்கே புது எண் வாங்க வேண்டும். அத்துடன் பழைய எண் போய்விடும். விலை சற்றுக் குறைந்தாலும் மாநிலத்துக்குள்ளேயே விற்க நாங்கள் முடிவெடுத்ததற்கு இது ஒரு காரணம்.

வெளிமாநிலத்தவர் நல்ல விலை தருகிறார். என்ன செய்வது?

படிவம் 28இல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். டெல்லி வட்டாரத்துக்காரர் என்றால் இன்னும் கவனம் தேவை: அங்கே 15 ஆண்டு கடந்த பெட்ரோல் கார்களுக்குக் கடுமையான கட்டுப்பாடுகள் உள்ளன. அங்கே எந்தப் பதிவில் காரை வைத்திருக்கப் போகிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் முன்பணம் வாங்காதீர்கள்.

புரோக்கர், படிவங்களில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். சரியா?

வேறு எந்தப் பதிலை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். கார் கைமாறியதை அறிவிக்கும் படிவம் 29இலும், பெயர் மாற்றம் கோரும் படிவம் 30இலும் வாங்குபவர் பெயரும் தேதியும் எழுதாமல் கையெழுத்திட்டுக் கொடுப்பது, உங்கள் பெயரில் யார் வேண்டுமானாலும் அந்தக் காரை ஓட்டலாம் என்று எழுதிக் கொடுப்பதற்குச் சமம். புரோக்கர் இன்னொருவருக்கு, அவர் வேறொருவருக்கு என்று கார் கைமாறிக்கொண்டே போகும், ஆர்.சி.யில் மட்டும் உங்கள் பெயர் நிற்கும். விபத்து நடந்த நாளில் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகவே தீர்ப்பளித்திருக்கிறது.

எங்கள் சித்தப்பா 2011இல் தன் அம்பாசிடரை அப்படித்தான் ஒரு புரோக்கரிடம் கொடுத்தார். இரண்டு ஆண்டு கழித்து வேறு மாவட்டத்துக் காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்தது. சாலையோரம் நின்றிருந்த ஒருவரை அந்தக் கார் இடித்துவிட்டிருந்தது, காப்பீடும் இல்லை. அந்த வழக்குக்காகச் சித்தப்பா நான்கு ஆண்டு அலைந்தார். அவர் காரை விற்ற பணம் வழக்கறிஞர் கட்டணத்துக்குக்கூடப் போதவில்லை.

ஆகையால் வாங்குபவரின் முழுப் பெயரும் முகவரியும் எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். அவருடைய அடையாள ஆவண நகலை வாங்குங்கள். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் நீங்களே படிவம் 29ஐ அலுவலகத்தில் சேர்த்து ஒப்புகை பெறுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு கடிதம் அனுப்பிவிடுங்கள்.

பணத்தை எப்படி வாங்குவது? வரி உண்டா?

வங்கி வழியாக வாங்குங்கள். ஒருவரிடமிருந்து ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரை விற்ற பணத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. கடையின் கணக்கிலோ கம்பெனிக் கணக்கிலோ காட்டி, தேய்மானம் கழித்திருந்தால் நிலைமை வேறு, கணக்காளரைக் கேளுங்கள். காரைப் பார்க்காமலே முன்பணம் அனுப்புவதாகச் சொல்லி, கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யச் சொல்பவர் மோசடிக்காரர். பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணை (PIN) அழுத்தத் தேவையே இல்லை.

எங்கள் காரில் 1990களில் டீசல் எஞ்சின் மாற்றினோம். அதைச் சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏறவில்லை என்றால் பெயர் மாற்றத்தின்போது கோப்பு நின்றுவிடும். கேஸ் கிட் பொருத்தியிருந்தாலும் இதேதான்.

எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய கார் ஓடுமா என்று வாங்க வருபவர்கள் கேட்கிறார்களே?

ஓடும், கவனம் வேண்டும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது பழைய ரப்பர் குழாய்களையும் கார்பரேட்டர் வாஷர்களையும் ஊறவைத்துக் கெடுக்கும். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து டேங்கின் உள்ளே துருவை உண்டாக்கும். குழாய்களை எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றுவதும், வாரக்கணக்கில் நிற்கப்போகும் கார் என்றால் டேங்கில் பழைய பெட்ரோலைத் தேங்க விடாததும் போதும். நாங்கள் குழாய்களை மாற்றிய ரசீதைக் காட்டினோம். அதன்பின் அந்தக் கேள்வி எழவில்லை.

வீட்டில் ஒருவருக்கு விற்க மனமில்லை. என்ன செய்வது?

காத்திருங்கள். எங்கள் வீட்டில் அது அம்மா. என் பிரசவத்துக்கும் அப்பாவின் கடைசி ஆஸ்பத்திரிப் பயணத்துக்கும் போனது அந்தக் காரில்தான். ஆனால் ஷெட்டில் நின்ற பதினோரு மாதத்தில் டயர்கள் நான்கும் ஒரு பக்கம் தட்டையாகிவிட்டன, எலி வயரிங்கைக் கடித்துவிட்டது. ஒருநாள் அம்மாவே ஷெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "ஓட்டுகிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள்" என்றார். அந்த வார்த்தையைத்தான் வாங்குபவரைத் தேர்ந்தெடுக்க அளவுகோலாக வைத்துக்கொண்டோம். சினிமாப் படப்பிடிப்புக்கு வாடகைக்கு விட எண்ணியவர் 20,000 ரூபாய் கூடுதலாகத் தருவதாகச் சொன்னார், அவருக்குக் கொடுக்கவில்லை.

அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாமா?

கோயம்புத்தூரில் ஜி.டி. கார் அருங்காட்சியகமும், சென்னையில் ஏவிஎம் வளாகத்து அருங்காட்சியகமும் பார்க்க வேண்டிய இடங்கள். குழந்தைகளை அழைத்துப் போங்கள். ஆனால் பியட், அம்பாசிடர் போல நிறையவே தயாரான கார்களுக்கு அங்கே இடம் தேடுவதைவிட, பழைய கார் ஆர்வலர் குழுக்களில் சொல்லி வைப்பதே பலன் தரும்.

ஒப்படைக்கும் நாளில் என்னென்ன செய்ய வேண்டும்?

தேதியோடு நேரத்தையும் குறித்து ஒப்படைப்புச் சீட்டு எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அந்த நிமிடத்துக்குப் பிறகு நடப்பவற்றுக்கு அது சான்று. இரண்டாவது சாவி, ஜாக்கி, ஸ்டெப்னி, டூல்ஸ் பை ஆகியவற்றைப் பட்டியலிட்டுக் கொடுங்கள். டாஷ்போர்டில் இருக்கும் சாமி படத்தை எடுத்துக்கொள்வதா விட்டுவிடுவதா என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். நாங்கள் பிள்ளையாரைக் காரிலேயே விட்டோம்.

காரின் பழக்கங்களையும் சொல்லிக் கொடுங்கள். எங்கள் காரில் காலையில், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப உதவும் சோக்கை முழுதாக இழுத்து, எஞ்சின் பிடித்ததும் பாதி உள்ளே தள்ளி, இரண்டு நிமிடம் விட வேண்டும். வாங்கியவர் அதைக் கேட்டுக்கொண்டும், அவசரத்தில் சோக்கை முழுதாக உள்ளே தள்ளிவிட்டார்; கார் வாசலிலேயே நின்றுவிட்டது. அம்மா திண்ணையிலிருந்து இறங்கி வந்து, கண்ணாடி வழியாகக் கையை விட்டு, சோக்கைப் பாதி இழுத்து வைத்தார். "இப்போ அடிங்க," என்றார். இரண்டு நிமிடம் அவர் அங்கேயே நின்றிருந்தார்; அதன்பின்தான் கார் தெருமுனையைத் திரும்பியது. இருபத்து மூன்றாம் நாள், பதிவேட்டில் பெயர் மாறியதை அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாகனில் பார்த்து உறுதி செய்துகொண்டோம்.